ஊசி முளைக்காத சோடியம்

கோர்தொபாவில் ஜனவரிதான் கோடை; அந்த வருடம் வெயில் மண்டையைப் பிளந்தது. ஓர்னெல்லாவுக்கு மாதம் நிறையும் முன்பே பெண் குழந்தை பிறந்து, மருத்துவமனையே வீடாகிப் போனது.

ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை அரைகுறையாய் நின்றது. சோடியம் மலிவான உலோகம்தான். ஆனால் அதை வைத்து பேட்டரி செய்தால், சார்ஜ் ஏற ஏற உலோகத்தின் மேல் ஊசி ஊசியாக முளைக்கும். ஓர் ஊசி எதிர்ப்பக்கம் தொட்டால் பேட்டரி செத்தது. அதைத் தடுக்க, வெள்ளீய உப்புக் கரைசலால் சோடியத்துக்கு மெல்லிய பூச்சுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனை இயந்திரத்தில் அவள் முறை மாதக் கடைசியோடு முடிகிறது. அடுத்த முறை உடன் வேலை செய்யும் தார்தோவுடையது. "சோடியத்துக்குப் பவுடர் பூசுறியா?" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்தவன் அவன்.

ஒரு மத்தியானம் அவனே போன் செய்தான்.

"ஓர்னெ, திட்டாத. உன் பேட்டரிய நான்தான் செஞ்சு பாக்கறேன். எல்லாம் உடனே செத்துப்போகுது."

"உன்ன யாரு செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லல. இயந்திரம் சும்மா கிடந்துது."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"சோடியத்த எப்ப வெட்டின?"

"காலையில. சாப்பிட்டு வந்து கரைசல் விட்டேன்."

"கெட்டுது போ! ஆர்கான் வாயு நிரப்பின பெட்டிக்குள்ள வச்சாலும் மேல மங்கிடும்டா. சுரண்டி, வெள்ளியா மின்னும்போதே விடணும்."

"இத முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"பிரசவ வலியில உனக்குப் பாடம் எடுக்கவா?"

அவன் சிரித்துவிட்டு வைத்தான். பிறகு அவனிடமிருந்து போனே வரவில்லை. ஜனவரி முடிந்ததும், தன் சோதனை போயிற்று என்றே நினைத்தாள்.

பிப்ரவரி முடியும் தறுவாயில், பிறை வடிவ மெதியாலூனா ரொட்டிப் பொட்டலத்தோடு மருத்துவமனைக்கே வந்து நின்றான் தார்தோ. பல நாள் ஓட்டிப் பிரித்த பேட்டரியின் படத்தைப் போனில் காட்டினான். சோடியம் வழவழவென்று இருந்தது. பெரிதாக்கித் தேடினாள். ஓர் ஊசிகூட இல்லை.

"இன்னொண்ணு இன்னும் ஓடுது," என்றான்.

"இந்த மாசம் உன் முறையாச்சே! உன் சோதனை?"

"அது ஏப்ரல்ல, அடுத்த முறை வரும்போது பாத்துக்கலாம். நல்லா ஓடுறதப் பிடுங்க மனசு வரல."

ஓர்னெல்லாவின் கண்கள் நிரம்பிவிட்டன.

"நன்றி கின்றின்னு ஆரம்பிச்ச, ரொட்டியத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்."

"சரி, சொல்லல. கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. இவளத் தூக்கு."

"ஐயோ, நானா? பயமா இருக்கே!"

ஆனாலும் கழுவிக்கொண்டு வந்தான். குழந்தை அவன் மார்பில் முகத்தைப் புதைத்துத் தூங்கியது. பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, பல நாட்களுக்குப் பின் பசித்துச் சாப்பிட்டாள் ஓர்னெல்லா.