தோளில் இருந்த வெட்டு

பூட்டிக் கிடந்த மியூசியத்தைப் பழுதுபார்த்துத் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே, ரத்னம்மா புருஷனையும் மகளையும் கிளப்பிக்கொண்டு விஜயபுரத்திலிருந்து திருப்பதிக்கு வந்துவிட்டாள். ரிப்பன் வெட்டுவதைப் பார்க்கவா வந்தாள்? உள்ளே இருக்கும் வேடியப்பன், அவர்கள் கொல்லை நிலத்தில் நின்ற வீரக்கல். சர்க்கார் எடுத்துப்போன பிறகும், வீட்டில் கல்யாணம் என்றால் முதல் மஞ்சள் அந்தக் கல்லுக்குத்தான்.

மகள் மோகனப்ரியாவின் கல்யாணம் வந்த நேரம் மியூசியம் மூடியிருந்தது. கற்களைப் பின்கொட்டகையில் சாக்கு சுற்றி வைத்திருந்தார்கள். வாட்ச்மேனைக் கெஞ்சி நுழைந்ததும், "இதான் நம்முது, சீக்கிரம் பூசு, பஸ்சு பூடும்" என்றான் ரத்னம்மாவின் புருஷன் வீராசாமி. அவளும் தலைப்பக்கச் சாக்கை மட்டும் விலக்கிப் பூசினாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

அந்த வருஷமே மகள் திரும்பி வந்துவிட்டாள். எத்தனை கேட்டும், "ஒத்து வரலமா" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. இன்று சாமி கும்பிட்ட கையோடு அவளை ஸ்ரீ சிட்டியில் இருக்கும் அவள் புருஷனிடம் விட்டுவிடுவதாக ஏற்பாடு. அவளுடைய துணிப்பை வீராசாமியின் தோளில் தொங்கியது.

புது விளக்கு வெளிச்சத்தில் வேடியப்பன் நின்றார். தோளில் டிராக்டர் கலப்பை பட்ட வெட்டு அப்படியே இருந்தது. ஆனால் தலையில் மஞ்சளின் சுவடே இல்லை. பக்கத்து மேடையில் வேறொரு கல். அதன் கொண்டைச் செதுக்கலில் கழுவியும் போகாத மஞ்சள்.

ரத்னம்மா புருஷன்மேல் பாய்ந்தாள். "அடப் பாவி மனுசா! எவங்க சாமிக்கோ பூசிட்டு, நம்ம சாமிய உட்டுட்டமே! அதான் பொண்ணு வாழ்க்கை இப்டி ஆயிட்ச்சி!"

கொண்டுவந்த மஞ்சளை அள்ளிக்கொண்டு தடுப்புக் கயிற்றைத் தாண்டிக் கை நீட்டினாள். "முட்டுகோகூடதம்மா!" என்று தெலுங்கில் கத்தியபடி காவல்காரி ஓடிவந்து, தொடவிடாமல் தடுத்தாள். ரத்னம்மாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. காரணம் கிடைத்துவிட்டதே! அந்த நிம்மதியில் மகளிடம் திரும்பினாள். "கோவம் சாமிக்குத்தான்டி. வேண்டிக்கினேன், இனிமே சரியாப்பூடும். நீ பயப்படாம போ."

மோகனப்ரியா சுடிதார் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டினாள். நீளமாக ஒரு தழும்பு.

"அடிச்சது அவன்மா, சாமி இல்ல. கல்லு தோள்ல இருக்கற வெட்டு உனுக்குத் தெரியுது. இத்தினி நாளா உங்கூடத்தான கீறேன், என் தோள பாத்தியா?"

வீராசாமி பையை இறக்கித் தரையில் வைத்தான்.

ரத்னம்மா மஞ்சள் கையோடு மகளைத் தொடப் போனாள். மோகனப்ரியா நகர்ந்துகொண்டாள்.