கறுக்காத கண்ணாடி

இருபத்தாறாயிரத்து நானூறு ரூபாய். பொன்மலைப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சிவசங்கருக்கு, அங்கே வேலை பார்க்கும் அடைக்கலம் என்பவன் தரவேண்டிய பாக்கி அது. இருபத்து மூவாயிரத்து அறுநூறு, மனைவி வீரம்மாளின் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வாங்கியது. மீதி, புதுசாக வந்த வெல்டிங் முகமூடியின் விலை. அவன் கேட்கவே இல்லை. முதலாளியே வாங்கி அவன் தலையில் கட்டிவிட்டார்.

முகமூடி என்னவோ கெட்டிக்காரச் சாமான்தான். கண்ணுக்கு நேரே இரண்டு கண்ணாடி, நடுவில் தண்ணியிலும் சேராத, கல்லிலும் சேராத திரவப் படிகம். நெற்றியில் குட்டியாக ஒரு சென்சார். வெல்டிங் வெளிச்சம் அதில் பட்டால் கரண்ட் பாயும். பாய்ந்ததும் படிகம் விறைத்து எழுந்து நிற்கும், இமைப்பதற்குள் கண்ணாடி கறுத்துப்போகும். வெளிச்சம் நின்றால் தெளிந்துவிடும். அதை நம்பி, பழைய கறுப்புக் கண்ணாடியையெல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாயிற்று.

ஆயுத பூஜைக்கு முதலாளி வீட்டம்மா மகாலட்சுமி எல்லாக் கருவிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். முகமூடிக்கு முகம் இருக்கிறதே என்று நெற்றியில் தாராளமாகவே அப்பினார்.

மறுநாள் விஜயதசமி. ஸ்ரீரங்கத்து லாட்ஜ் ஒன்றுக்குச் சாயங்காலத்துக்குள் கேட் போயாக வேண்டும். அடைக்கலம் வெல்டிங்கைப் பற்றவைத்ததும் சூரியனே கண்ணுக்குள் விழுந்த மாதிரி இருந்தது. கண்ணாடி கறுக்கவில்லை. பக்கத்தில் கிரைண்டர் பிடித்திருந்த கிளமென்ட்தான் பார்த்துவிட்டு, சந்தனம் சென்சாரை அடைத்திருக்கிறது என்றான். அடைக்கலம் கட்டைவிரலில் எச்சில் தொட்டுக்கொண்டு துடைக்கப் போனான். சிவசங்கர் கையைத் தட்டிவிட்டார்.

"எச்சிக் கையால பூஜைப் பொட்ட அழிப்பியா? தானா உதிரணும்டா அது. அதுவரைக்கும் கண்ண மூடிக்கிட்டு அடி."

"கண்ண மூடுனா ஜாயின்ட் தெரியாதுங்க."

"அப்ப பணத்த எண்ணி வச்சிட்டுக் கிளம்பு."

கிளமென்ட் குனிந்து கிரைண்டரை ஓட்டினான். அவனுக்கும் அங்கே பாக்கி உண்டு. அடைக்கலம் அந்தி சாயும்வரை கண்ணைத் திறந்தே அடித்தான். கேட் காவிரிப் பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் வீரம்மாள் உருளைக்கிழங்கை வட்டமாக அரிந்து கண்ணில் வைத்தாள். இரண்டொரு நாளில் மணலைக் கொட்டிய மாதிரி இருந்த எரிச்சல் அடங்கியது. பார்வையின் நடுவில் விழுந்த கறுப்பு வட்டம் மட்டும் அடங்கவில்லை. இரண்டு கண்ணிலும் விழித்திரை நடுவில் வெந்துபோயிருக்கிறது, இதைத் தைக்கவும் முடியாது ஒட்டவும் முடியாது என்றார் கண் டாக்டர்.

அடுத்த வாரம் பட்டறைக்குப் போனான். சிவசங்கர் ஒரு குழாயை நீட்டி, சாக்பீஸ் கோடு தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. எல்லாரையும் கிட்டே கூப்பிட்டார்.

"இன்னையோட உன் பாக்கி தள்ளுபடி. இனிமே வேலைக்கு வராத. கணக்குப் பாத்தா கண்ணு ஒண்ணுக்குப் பதிமூணாயிரத்து இருநூறு விழுது. நல்ல வெலதான், என்ன கிளமென்ட்டு?"

கிளமென்ட் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள்.

முதலாளியின் காது தெரிந்தது, சட்டைக் காலர் தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புத்தான் இருந்தது. அடைக்கலம் அந்தக் கறுப்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.