எந்தக் கால்?

டைல்ஸ்காரரை அவள் மன்னிக்கப் போவதில்லை. சாகிற வரைக்கும் இல்லை. செத்த பிறகும் யோசித்துத்தான் சொல்வாள்.

டைல்ஸ்காரர் என்றால் வெறும் கடை முதலாளி இல்லை, கால்பந்து க்ளப்பின் தலைவர். க்ளப் ஆபீஸ் அவர் கடை மாடியில்தான். அலமாரியில் கோப்பைகள் ஒரு தட்டு, பாத்ரூம் டைல்ஸ் மாதிரிகள் ஒரு தட்டு. எதைத் தினமும் துடைத்து வைப்பார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும் அந்த ஆளுக்கு எதில் உயிர் என்று. அந்த அறையில்தான் போன வருஷம், அவள் கண்ணெதிரே, அவள் புருஷனை விரட்டினார்கள்.

அவள் பஸ் ஓட்டுகிறவள். அன்றைக்கு ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, யூனிஃபார்மோடு நேராக அங்கே போனாள். போகாமல் என்ன செய்வது? புருஷன் மைதானத்தில் இறங்கினால் பத்துப் பேருக்குத் தண்ணி காட்டுவான். சம்பளம் பேசுகிற மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தால் வாயில் ஈ போவதுகூடத் தெரியாது.

"தம்பி ஆட்டத்துல ஒரு குறையும் இல்லம்மா," என்று வாயெல்லாம் பல்லாக ஆரம்பித்தார் தலைவர். "ஆனா பாதி மேட்சு பெஞ்சுல உக்காந்திருக்கான். அதனால இனிமே பாதிச் சம்பளம். அதுவும் ஆடுற மேட்சுக்கு மட்டும். காயம்னு படுத்தா ஒண்ணும் கிடையாது."

"காயம் யாரால வந்துச்சு சார்?" என்றாள் அவள். "தொடை லேசா கிழிஞ்சிருக்கு, ஆடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. ஊசியப் போட்டு இறக்கிவிட்டது நீங்கதானே? அதுக்கப்புறம்தானே அது அடிக்கடி கிழியுது?"

"அதெல்லாம் பழைய கதை." தலைவர் கையிலிருந்த பேனாவை நீட்டி அவன் இடது தொடையைத் தட்டினார், டைல்ஸைத் தட்டிச் சத்தம் பார்க்கிற மாதிரியே. "இந்தக் கண்ணாடிக் காலை நம்பி எவன் முழுச் சம்பளம் குடுப்பான், நீயே சொல்லு."

கிழிந்தது வலது தொடை!

அவளுக்குச் சுருக்கென்றது. "சார், அது..." என்று அவள் வாயெடுக்க, மேஜைக்கு அடியில் புருஷன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். பேசாதே என்று அர்த்தம். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் எழுந்து வரும்போது சும்மா வருவாளா? "ஏத்தி இறக்கும்போது நீங்களே உடைச்சிட்டு, சரக்கு சரியில்லன்னு சொல்ற ஆளு சார் நீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

தெருவுக்கு வந்ததும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் உழைச்சிருக்கீங்க, எந்தக் கால்னுகூட அந்த ஆளுக்குத் தெரியல! நீங்க ஏன் என் கையப் புடிச்சீங்க? உப்புப் போட்டுத்தானே சாப்பிடுறீங்க?"

"தெரியாட்டிப் போகுது, விடு," என்றான் அவன். அவ்வளவுதான்.

நகரத்தின் அடுத்த முனையில் ஒரு சின்ன க்ளப் அவனைச் சேர்த்துக்கொண்டது. சம்பளம் குறைவு, ஆனால் படுத்தாலும் உண்டு. தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவள் எண்ணெய் தடவி அந்த வலது தொடையைப் பிடித்துவிடுவாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. அவன் "மெதுவா, மெதுவா" என்று கத்துவான். "அந்த டைல்ஸ்காரர் கழுத்துன்னு நெனச்சுப் புடிச்சிட்டேன்," என்பாள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். கண்ணாடி என்ற பட்டப்பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஒருநாள் பஸ்ஸிலேயே ஒருவன், "கண்ணாடி வீட்டம்மாதானே நீங்க?" என்று இளித்தான். அவள் ப்ரேக்கை ஒரு மிதி மிதித்தாள். அவன் கம்பியில் போய் முட்டிக்கொண்டான்.

சீசனின் கடைசி மேட்ச் யாரோடு வந்தது தெரியுமா? அதே பழைய க்ளப்போடுதான். அவர்கள் சமன் செய்தாலே கோப்பை அவர்களுக்கு. தோற்றால் வேறொரு க்ளப்புக்குப் போய்விடும். டாக்டரோ, இன்னொரு தடவை கிழிந்தால் அவன் பந்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார்.

"வலிச்சா வெளிய வந்திருங்க," என்றாள் அவள். சொல்லிவிட்டு ஆற்றாமல், "ஆனா கோப்பை மட்டும் அந்த ஆள் கைக்குப் போகக் கூடாது," என்றும் சொல்லித் தொலைத்தாள்.

அன்றைக்கு அவளும் நாத்தனாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே டைல்ஸ்காரர், தன் க்ளப் பெஞ்சுக்கு நேர் பின்னால், ஏதோ அவர் வீட்டு வரவேற்பறை மாதிரி கால்மேல் கால் போட்டு. மேஜைமேல் கோப்பை. ஆட்டம் முடியவே இல்லை, அதற்குள் அவர்கள் க்ளப் கலரில் ரிப்பன் கட்டிவிட்டார்கள். என்ன திமிர் பாருங்கள்!

அவள் புருஷனுக்குக் காவலாகப் புதிதாக ஒரு டிஃபெண்டரை வாங்கிப் போட்டிருந்தார்கள். ஆள் பீரோ மாதிரி இருந்ததால் பேரே பீரோதான். அவன் எங்கே போனாலும் பீரோவும் நகர்ந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. நேரமும் தீர்ந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் ஒரு பந்துக்காக ஓடிய புருஷன் நடுவில் சட்டென்று நின்றான். முகம் கோணியது. கை தொடையின் பின்பக்கம் போனது.

"அண்ணி, போச்சு!" என்று அலறினாள் நாத்தனார்.

பாவி, நான்தான் தூண்டிவிட்டேன், என் வாய்தான் அவர் காலை முறித்தது என்று அவள் மனசுக்குள் அடித்துக்கொண்டாள். மாற்று ஆட்களையெல்லாம் அவனுடைய சின்ன க்ளப் ஏற்கெனவே இறக்கிவிட்டது. அவன் நொண்டிக்கொண்டே ஓரமாக ஒதுங்கினான்.

டைல்ஸ்காரர் துள்ளி எழுந்தார். "கண்ணாடி உடைஞ்சிருச்சுடா!" என்று சிரித்தார். பயிற்சியாளரைத் தாண்டிக் கையை ஆட்டினார். "பீரோ! அவனை விடு, அந்த உயரக்காரனப் போய்ப் புடி! இவன் முடிஞ்சான்!" பீரோ நகர்ந்தது. கூட்டம் "கண்ணாடி! கண்ணாடி!" என்று தாளம் போட்டது.

அவள் அழுதுகொண்டேதான் பார்த்தாள். பார்த்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தாள். அவன் கை இருந்தது இடது தொடையில்.

அழ ஆரம்பித்திருந்த நாத்தனாரின் மணிக்கட்டை அவள் இறுக்கிப் பிடித்தாள். "வாய மூடிட்டு உக்காரு," என்றாள். "பேசாம பாரு."

இன்னொரு ஆளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. எதிரணி கோல்கீப்பர், அவனோடு வருஷக்கணக்காக ஒரே அறையில் தங்கியவன். "டேய், அது அந்தக் கால் இல்லடா! பீரோ, திரும்பி வாடா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். யார் காதில் விழும்? அவர்கள் ஆட்களே "கண்ணாடி, கண்ணாடி" என்று கத்திக்கொண்டிருந்தார்களே!

பின்னாலிருந்து ஒரு நீளமான பாஸ். நொண்டிக்கொண்டிருந்தவன் ஒரே பாய்ச்சல். சுற்றிலும் ஆளில்லை. கோல்கீப்பர் முன்னால் ஓடி வந்தான், பாவம், வந்து என்ன செய்ய? வலது காலால் ஓர் உதை. ஊசி போட்டுக் கெடுத்த அதே காலால் கோல்!

விசில் ஊதியதும் ஒரு ஆள் வந்து கோப்பையிலிருந்து ரிப்பனை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்தது போல, பல்லால் கடித்து இழுத்தான். அவள் எழுந்து நின்று அதை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினாள்.

உடைமாற்றும் அறைக்கு வெளியே, வராந்தாவில், டைல்ஸ்காரர் காத்துக்கொண்டிருந்தார். முகம் செத்துக் கிடந்தது, சிரிப்பு மட்டும் ஒட்டியிருந்தது. "தம்பி, பழசையெல்லாம் மறந்துரு. திரும்பி வந்துரு. முழுச் சம்பளம். ஆடினாலும் சரி, படுத்தாலும் சரி. என்னம்மா, இப்ப சந்தோஷம்தானே?"

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"வர்றோம் சார்," என்றாள் அவள். "இப்பவே கையெழுத்துப் போடுறோம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவருக்குக் காயம் எந்தக் கால்ல?"

தலைவர் அவன் கால்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வராந்தாவில் நின்றவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பையிலிருந்து பேனாவை எடுத்தார். அது இடது தொடைப் பக்கம் நீண்டது.

அவள் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கோல்கீப்பர் தலையில் அடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தலைவர் மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் பேனாவோடு நின்றார். ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

புருஷன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நடந்தான். வாசலுக்கு வந்ததும் சொன்னான்.

"அன்னிக்கு உன் கையை ஏன் புடிச்சேன்னு கேட்டியே."

அவள் நின்றுவிட்டாள். ஒரு வருஷம்! தினமும் அந்தத் தொடையைப் பிடித்துவிட்டவளிடம்கூட மூச்சுவிடவில்லை இவன்.

"அடக் கல்லுளிமங்கா!" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.