தாடைக்குக் கீழே ஒரு கீறல்

பழைய நாணயங்களைப் பார்த்துத் தரம் சொல்கிற அந்த மனிதருக்கு இரண்டு விதிகள் வேதவாக்கு. கோடு புடைத்திருந்தால் நாணயச்சாலையில் விழுந்த பிழை. அச்சில் விரிசல் விட்டிருக்கும். கோடு பள்ளமாக இருந்தால் பிறகு எவனோ கீறியது. இது முதல் விதி. ஒரே குறை ஒரே இடத்தில் பல காசுகளில் வந்தால் அது அச்சுக் கோளாறு. கீறல் அப்படிச் சொல்லிவைத்தாற்போல் விழாது. இது இரண்டாவது. இந்த இரண்டையும் வைத்தே பெரிய ஆள் ஆகிவிட்டவர். அவர் கீறல் என்றால் கீறல்தான். நாணயச் சங்கத்தில் மறுபேச்சு கிடையாது.

அன்று காலை அவருடைய அக்கா கடைக்கு வந்து, ஒரு பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்தாள். உள்ளே அத்தான் ஆசை ஆசையாகச் சேர்த்த பெரிய வெள்ளிக் காசுகள். ஒவ்வொன்றையும் வாங்கியதும் அத்தான் இங்கேதான் ஓடிவருவார், கீறலே இல்லாத காசு மச்சான் என்று. இவர் உருப்பெருக்கியை வைத்துப் பார்ப்பார். காசிலுள்ள ராஜாவின் தாடைக்குக் கீழே பள்ளமாக ஒரு கோடு இருக்கும். யாரோ உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்பார். வாங்கும்போது இல்லையே என்று அத்தான் முழிப்பார். சங்கத்தில் அவருக்குக் 'கீறல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயரை ஆரம்பித்துவைத்தது யார் என்று கேட்காதீர்கள், மச்சானேதான்.

இப்போது அத்தான் சங்கத்துக்குப் போவதில்லை. கண் டாக்டரைப் பார்த்தார், குறையில்லை என்றதும் வேறொரு டாக்டரைப் பார்த்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியை எடுத்தேனா என்று கேட்கிறார். அடுப்பை அணைத்துவிட்டு, அணைந்திருக்கிறதா என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

"அவருக்குப் புத்தி கலங்குதா இல்லையா, அதை மட்டும் சொல்லுடா" என்றாள் அக்கா. "காசு எப்படியோ போகட்டும்."

மச்சான் முதன்முறையாக எல்லாக் காசுகளையும் ஒன்றாகப் பார்த்தார். மரத்தாங்கியின் பள்ளத்தில் ராஜாவின் தலை நேராக இருக்கும்படி ஒவ்வொன்றாக வைத்து, மூன்று கால் உருப்பெருக்கியை மேலே நிறுத்தி, வெளிச்சத்துக்காகக் கொஞ்சம் திருப்பி. எல்லாவற்றிலும் அதே கோடு. அதே தாடை, அதே வளைவு.

பள்ளம். அப்படியானால் கீறல். ஆனால் ஒரே இடம். அப்படியானால் அச்சு. அச்சு என்றால், வேறு வேறு வருஷத்துக் காசுகளில், வேறு வேறு நாணயச்சாலைக் காசுகளில் எப்படி ஒரே கோடு வரும்? அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறுபடி பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கோடு இன்னும் அழுத்தமாகத் தெரிவதுபோல் இருந்தது. தனக்கும் ஏதோ ஆகிவிட்டதா என்று பயந்தே போனார்.

கடைசியில், வீட்டில் யாராவது இவற்றைத் தேய்க்கிறார்களா என்று அக்காவைக் கேட்டுத் தொலைத்தார். வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு ராஜாவுக்கு முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறேன் என்று அவள் எரிந்து விழுந்தாள். பிறகு கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு காசை எடுத்தாள். அத்தான் கடைசியாக வாங்கியது. யாரிடமும் காட்டப் பயந்து அலமாரியில் ஒளித்துவைத்தது.

அவர் கை பழக்கப்படி உருப்பெருக்கியிடம் போனது. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல வெறும் கண்ணால பாரு."

அது அவர் செய்யாத காரியம். வெறும் கண்ணால் பார்த்தால் மனசு முந்திக்கொண்டு தீர்ப்பு சொல்லிவிடும் என்பது அவர் கொள்கை. எந்தக் காசையும் முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார். அக்காவுக்காக ஜன்னலருகே போய்ப் பார்த்தார். ராஜாவின் தாடை மழமழவென்று இருந்தது. கோடு இல்லை.

தாங்கியில் வைத்தார். கண்ணாடியை நிறுத்தினார். திருப்பினார். கோடு இருந்தது.

கண்ணாடியை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். அப்போதும் இருந்தது.

"முதல்ல பார்க்கும்போது இல்லையேக்கா" என்றார். சொன்ன பிறகுதான், அது இத்தனை நாள் அத்தான் சொன்ன வார்த்தை என்று உறைத்தது.

உருப்பெருக்கியைத் தலைகீழாகத் திருப்பினார். மூன்று கால்களில் ஒன்றின் ரப்பர் மூடி எப்போதோ கழன்றுபோயிருந்தது. மொட்டை இரும்பு நுனியில் வெள்ளி மினுங்கியது. சின்னக் காசுகள் மூன்று கால்களுக்கும் நடுவே தப்பித்துக்கொள்ளும். பெரிய காசில் அந்த நுனி எப்போதும் தாடைக்குக் கீழே ஊன்றி, திருப்பும்போது கீறும். அத்தனை பெரிய காசு இந்தக் கடைக்கு வந்தது அத்தான் கையிலிருந்து மட்டும்தான். காலை முழுக்க அதே கீறல்களைத்தான் அவர் ஆழப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

கடையைப் பூட்டிக்கொண்டு அக்காவுடன் அவள் வீட்டுக்குப் போனார். அத்தான் சமையலறையில் அடுப்பின் முன்னால் நின்றிருந்தார். அவரை உட்காரவைத்து, உருப்பெருக்கியைக் கையில் கொடுத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அத்தான் அந்த மொட்டைக் காலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் வாங்கும்போது கீறல் இல்ல."

"இல்ல அத்தான்."

"என் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு."

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான்தான் கெடுத்தேன். எல்லாக் காசையும்."

காசு கிடக்கட்டும் என்பதுபோல் அத்தான் கையை அசைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்த மச்சானுக்கு அந்த அமைதிதான் தாங்கவில்லை. என்ன செய்யணும் சொல்லுங்க, செய்கிறேன் என்று கெஞ்சினார்.

அத்தான் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

"ஞாயித்துக்கிழமை சங்கத்துல இதையே சொல்லு" என்றார். "உக்காந்துக்கிட்டு சொல்லாத. எந்திரிச்சு நின்னு சொல்லு."