பேனரின் இரண்டாவது வரி

திருமூர்த்தி அண்ணன் இல்லையென்றால் அந்த வருடம் தை மாதமே என் வேலை போயிருக்கும். அம்மை போட்டுப் பதினோரு நாள் கம்பெனிக்குப் போகவில்லை. திரும்பிப் போனபோது, உன் இடத்தில் வேறு பெண்ணைப் போட்டாயிற்று என்று முதலாளி ஆறுச்சாமி கேட்டோடு அனுப்பிவிட்டார். சங்கச் செயலாளர் திருமூர்த்தி அண்ணன் மறுநாள் காலை அதே கேட்டில் நாற்பது பேரோடு வந்து நின்றார். பத்து மணிக்கு நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு அவர் கேட்டு நான் முடியாது என்று சொன்ன வேலை கிடையாது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் கையெழுத்து நன்றாக இருக்கும். சங்கத்தின் போஸ்டரும் தட்டியும் நான்தான் எழுதினேன். எழுதுவதற்கு வாய் திறக்க வேண்டியதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

அதே அறுபத்தெட்டாம் வருடம் ஆவணியில், வியட்நாமை விட்டு அமெரிக்கப் படை வெளியேற வேண்டும் என்று ஊர்வலம் போகச் சங்கம் முடிவு செய்தது. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு வியட்நாம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது என்று முதலாளி கேலி செய்தார். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு. டெய்லர் பழனிமுத்து மட்டும் எப்போதும் மறுத்துப் பேசுவார்.

"வெளியேறுன்னு சொல்றீங்க, செரி. நாளைக்கே பட்டாளம் கப்பலேறிப் போயிட்டா அங்க ஒருத்தனையொருத்தன் வெட்டிட்டுச் சாவான். அதுக்கு யாரு பொறுப்பு?"

அவருக்குப் பதில் சொன்னது குப்பாயி அக்கா. என்னைப் போலவே டெய்லரின் மிஷினுக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை செய்பவள், எழுத்து தெரியாதவள். "உன்ற ஊட்டுக்குள்ள ஒருத்தன் தடியோட வந்து உக்காந்துட்டு, நான் போயிட்டா நீயும் உன்ற பொண்டாட்டியும் அடிச்சுக்குவீங்கன்னு சொல்றான். செரீங்க, இருங்கன்னு சோறு போடுவியா?"

பழனிமுத்துவின் வீட்டில் அந்த அடிதடி தினமும் நடப்பதுதான் என்று யாரோ சொல்ல, அவரே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. குப்பாயி அக்கா சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அந்த வாரம்தான் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் ரஷ்யாவின் டாங்கிகள் நுழைந்திருந்தன. சங்கத்து அறையில் பேப்பர் படிக்கும்போது ஒரு படம் பார்த்தேன். பிராக் என்ற ஊரில் ஒரு பெண், கையில் காய்கறிப் பையோடு, டாங்கியின் மேல் உட்கார்ந்திருந்த சிப்பாயை அண்ணாந்து பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். சிப்பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மேஸ்திரியிடம் தண்ணீர் குடிக்கப் போகக் கேட்பதற்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் டாங்கியிடம் பேசுகிறாள்.

இரண்டு நாள் கழித்து, அறையில் வேறு யாரும் இல்லாதபோது திருமூர்த்தி அண்ணனிடம் கேட்டேன். பேனரில் அந்த நாட்டையும் சேர்த்து எழுதலாமா என்று.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அது வேறு, இது வேறு என்று விளக்கினார். அமெரிக்காக்காரன் கொள்ளையடிக்கப் போனவன். ரஷ்யாக்காரன் தொழிலாளியின் ராஜ்யத்தைக் காப்பாற்றப் போனவன்.

"அவங்க கூப்புட்டுத்தான் கண்ணு இவங்க போனாங்க."

"அமெரிக்காக்காரரும் கூப்புட்டுத்தான் வந்தோம்னு சொல்றாருங்ணா," என்றேன்.

அவரிடம் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கமிட்டியில் பேசி முடிவான வாசகம் ஒன்றுதான், அதை மட்டும் எழுது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கேட்டில் எனக்காக நின்ற மனிதர். சங்கம் கையை விட்டால் ஆறுச்சாமி என்னை ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

பேனருக்குக் காடாத்துணி வாங்குவது வீண் செலவு என்று, கம்பெனியில் கழித்துப்போட்ட பனியன் துணியில் பத்து முழம் கொண்டுவந்தார்கள். குழாயாக இருந்ததைக் கிழித்து அகலமாக்கி, மேல் ஓரத்தைக் கயிறு கோப்பதற்காகப் பழனிமுத்து மடித்துத் தைத்துக் கொடுத்தார். ஊர்வலத்தில் நம்பிக்கை இல்லை, தையலில் இருக்கிறது என்றார். கீழ் ஓரத்தை யாரும் தைக்கவில்லை. சனிக்கிழமை மாலை அதைச் சங்கத்து அறைத் தரையில் விரித்து, பனியன் பேல் மூட்டைகளின் மேல் முகவரி எழுதும் கறுப்பு மையால் எழுதினேன். 'அமெரிக்கப் படையே, வியட்நாமை விட்டு வெளியேறு.' எழுத்தைத் துணியின் மேல்பாதியிலேயே முடித்துவிட்டேன். கீழே ஏன் இவ்வளவு இடம் என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய், என்னிடம் இருந்த சாவியால் அறையைத் திறந்து கீழ்ப்பாதியிலும் எழுதினேன். 'ரஷ்யப் படையே, செக்கோஸ்லோவாக்கியாவை விட்டு வெளியேறு.' இடம் போதாமல் நாட்டின் பெயரை நெருக்கி எழுத வேண்டியிருந்தது. காய்ந்ததும் சுருட்டிக் கட்டி மூலையில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தேன்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முந்நூறு பேர் இருப்போம். இரண்டு ஆண்கள் மூங்கிலில் பேனரைக் கட்டி, விறைப்பாக நிற்கட்டும் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்தார்கள்.

தினமும் பத்து மணி நேரம் பனியன் துணியோடு கிடக்கிறவர்கள் நாங்கள். இழுத்தால் அது நீளும், அகலம் குறுகும், வெட்டிய ஓரம் பின்பக்கமாகப் பாய் மாதிரி சுருண்டுகொள்ளும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இதை முந்நூறு பேரில் ஒருவர்கூட யோசித்திருக்கவில்லை. 'அமெரிக்கப் படை' என்ற எழுத்து ஆமை மாதிரி தட்டையாகிவிட்டது. கீழ்ப்பாதி முழுவதும் சுருண்டு பின்பக்கம் போய்விட்டது. ஓட்டல் வாசலில் நின்றவர்கள் கை தட்டிச் சிரித்தார்கள்.

என் வரி யார் கண்ணிலும் படவில்லை. படப்போவதும் இல்லை. திருமூர்த்தி அண்ணன் முன்னால் கோஷம் போட்டுக்கொண்டு போனார். நான் பெண்கள் வரிசையில் கடைசியில் நடந்தேன். இப்படியே நொய்யல் பாலம் வரை நடந்து, பேனரைச் சுருட்டிக் கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிட்டால் தீர்ந்தது. அப்படித்தான் முதலில் நினைத்தேன். உள்ளே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

வரிசையை விட்டு முன்னால் போனேன். பேனருக்குக் கீழே நின்று, சுருண்ட ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் பிரித்துக் கீழே இழுத்தேன். கைமடிக்காரிக்கு அது தெரிந்த வேலை. நாள் முழுக்க மிஷினுக்குப் போகும் துணியின் ஓரத்தை இப்படித்தான் பிரித்துப் பிடித்துக் கொடுக்கிறோம். ஆனால் நான் பிடித்த இடத்தில் மட்டும்தான் விரிந்தது. மற்ற இடமெல்லாம் சுருண்டே கிடந்தது.

குப்பாயி அக்கா ஓடி வந்தாள். "ஏம்புள்ளே, நடுரோட்டுல என்ன பண்றே?"

"கீழ இன்னொரு வரி இருக்குதுங்கக்கா. தெரிய மாட்டேங்குது."

"என்னன்னு இருக்குது?"

வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பக்கத்தில் வந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். குப்பாயி அக்கா நாட்டின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள், பாதியில் விட்டுவிட்டாள்.

"அங்கயும் ஊட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டானா?"

"ஆமாங்க."

"அப்பறம் என்ன," என்று சொல்லி அடுத்த முழத்தைப் பிடித்தாள். இன்னும் நான்கு கைமடிப் பெண்கள் வந்தார்கள். எல்லோரும் நகத்தால் பிரித்து இழுத்ததும் வரி முழுவதும் வெளியே வந்தது.

தெருவில் யாரோ அதைச் சத்தமாகப் படித்தார்கள். திருமூர்த்தி அண்ணன் திரும்பினார். படித்தார். கோஷம் நின்றது. என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"கைய உடு கண்ணு."

"உட்டாச் சுருண்டுக்குமுங்ணா."

"அதுக்குத்தான் உடச் சொல்றேன்."

நான் விடவில்லை. ஓரத்தை இன்னும் கீழே இழுத்துப் பிடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. முன்னால் போய் விட்ட இடத்திலிருந்து கோஷத்தைத் தொடங்கினார். "அமெரிக்கப் படையே" என்றார். "வெளியேறு" என்றார்கள். மூன்று தடவை முடிந்து அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், "ரஷ்யப் படையே" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான். இவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

பழக்க தோஷத்தில் பாதிப்பேர் "வெளியேறு" என்றார்கள். சிலர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். இரண்டாவது தடவை நான் சொன்னபோது குரல்கள் குறைந்துவிட்டன. பேனரைப் பிடித்திருந்த ஆறு பெண்களும், வேடிக்கை பார்க்க வந்து நடைபாதையில் நின்ற பழனிமுத்துவும் மட்டும் சொன்னோம். தெரிந்தே சொன்னவர்கள் நாங்கள் ஏழு பேர். பாலம் வரை சொன்னோம்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூப்பிட்டது. ஐந்து ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றேன். சங்கத்தின் பெயருக்கு இழுக்கு என்றார் ஒருவர். முதலாளிமார் இதை வைத்தே நம்மைப் பிரிப்பார்கள் என்றார் இன்னொருவர். அந்தப் பெண்ணைச் சங்கத்தை விட்டு நீக்கியாயிற்றா என்று ஆறுச்சாமி நேற்றே விசாரித்துவிட்டார் என்றார் மூன்றாமவர். கடைசியில், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் விஷயம் இதோடு முடியும் என்று முடிவானது. திருமூர்த்தி அண்ணன்தான் பேப்பரும் பேனாவும் நீட்டினார்.

"நல்லா யோசிச்சு எழுது மருதா. நாளைக்கும் அந்த கேட்டுல நாந்தான் வந்து நிக்கோணும்."

"தெரியுமுங்ணா."

சுவரில் பேப்பரை வைத்து நின்றபடியே எழுதினேன்.

'மதிப்புக்குரிய கமிட்டிக்கு, ஞாயிற்றுக்கிழமை பேனர் சுருண்டுகொண்டதற்கு வருந்துகிறேன். பனியன் துணியில் எழுதியது என் தப்பு. அடுத்த முறை காடாத்துணியில் எழுதுகிறேன். எழுதிய இரண்டு வரிக்கும் நான் வருந்தவில்லை. இப்படிக்கு, கைமடி மருதாள்.'

மடிக்காமல் அவரிடம் கொடுத்தேன். போகலாம் என்று யாரோ சொன்னார்கள். ஐந்து பேரும் படித்து முடிக்கட்டும் என்று அங்கேயே நின்றேன்.