லிஜியின் நிறமும் வர்க்கிச்சனின் ஃபிளாஷும்

கேரளத்தில், பாலா ஊர் தேவாலயத்தில் அன்று லிஜிக்குக் கல்யாணம். பலிபீடத்துக்கு முன்னால் வெள்ளைச் சேலையில் நின்ற மணப்பெண்ணை நாலைந்து படம் எடுத்துவிட்டு, ஸ்டுடியோக்காரர் வர்க்கிச்சன் கேமராத் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மாப்பிள்ளையின் அத்தை எட்டிப் பார்த்தாள். படத்தில் சேலை சாம்பல் பூத்திருந்தது. முகம் ஒரே இருட்டு.

“பொண்ணு நல்ல கருப்பு சேச்சி. ஃபிளாஷ் என்ன பண்ணும்? ஆல்பத்துல வெளுத்துக் கொடுத்துடறேன்” என்றார் வர்க்கிச்சன், பெண்ணுக்குக் கேட்கும்படியாகவே. லிஜி தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டாவது கேமராவோடு நின்ற பிரின்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிறவள். ஃபிளாஷ், வெளிச்சத்தைத் தானே அளந்துகொள்ளும் ஆட்டோவில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சுவரும் திருப்பியடித்த வெளிச்சத்தைக் கண்டு, இது போதும் என்று அது பாதியிலேயே அடங்கிவிட்டது. இதில் அந்தப் பெண்ணின் நிறம் எங்கே வந்தது?

“சேட்டா, ஃபிளாஷை ஒண்ணரை ஸ்டாப் கூட்டுங்க. இல்லேன்னா மேனுவல்ல போடுங்க” என்றாள் காதோடு.

“வந்துட்டா எனக்குச் சொல்லித்தர. நீ போய் சொந்தக்காரங்களை நிக்க வை.”

பிரின்சி போகவில்லை. தன் ஃபிளாஷை மேனுவலில் போட்டு, பவரைக் கூட்டி, ஓரமாக நின்றே ஆறு படம் எடுத்தாள்.

அடுத்து வெளியே வாசல் நிழலில் லிஜி நின்றாள், பின்னால் உச்சி வெயில். வர்க்கிச்சன் ஷட்டர் வேகத்தை ஆயிரத்துக்கு ஏற்றினார். அந்த வேகத்துக்கு ஃபிளாஷை ஈடுகொடுக்க வைக்கும் ஹை ஸ்பீட் சிங்க்கைப் போட மறந்துவிட்டார். எடுத்த படத்திலெல்லாம் கீழ்ப்பாதியில் இருட்டுப் பட்டை.

“பொண்ணு ஆடிட்டே இருந்தா இப்படித்தான்.”

“அவங்க ஆடினா படம் கலங்கும், பட்டை விழாது” என்றாள் பிரின்சி. இம்முறை குரலைத் தாழ்த்தவில்லை. “சிங்க்கைப் போடாம விட்டது நீங்க. உள்ளே முகம் இருண்டதும் உங்க ஆட்டோவாலதான். எல்லாத்துக்கும் பொண்ணுதான் கிடைச்சாளா?”

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். வர்க்கிச்சனின் காது சிவந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க லிஜி ஸ்டுடியோவுக்கு வந்தாள். திரையில் மாவு பூசிய முகம். கழுத்தும் கையும் வேறு யாருடையவோ போல கருப்பு. பிரின்சியின் ஆறு படங்களையும் வர்க்கிச்சன் வெளுக்காமல் விட்டுவைக்கவில்லை.

“இது யாரு சேட்டா?” என்றாள் லிஜி.

“உங்க மாமியார்தான் வெளுப்பா கேட்டாங்க மோளே.”

“அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். முகம் என்னோடதுதானே.”

பிரின்சி தன் அசல் படங்களைத் திறந்தாள். அதே கருப்பு, ஆனால் பளபளவென்று உயிரோடு. லிஜி அந்த ஆறையும் எடுத்துக்கொண்டாள்.

வர்க்கிச்சன் வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. லிஜி போனபிறகு, வெளுத்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள் பிரின்சி. கடைசிப் படம் வந்தபோதும் அவள் ஆத்திரம் அடங்கியிருக்கவில்லை.