உடெம்பாவின் ஏழாம் அத்தியாயம்

புத்தகத்தை யாரும் பிரிக்கவில்லை. வெளியீட்டு விழாவில் அதைப் பொன்னிறத் தாளில் சுற்றி, சிவப்பு நாடா கட்டிக் கொடுத்திருந்தார்கள். வாங்கியவர்கள் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே சோற்றுப் பொட்டலத்தை வைத்து முடிச்சுப் போட்டார்கள். முன்வரிசையில் பட்டக்காரர்கள் போடும் சிவப்புத் தொப்பியோடு ஒருவர் அதை மடியில் வைத்து, அதன்மேல் சூப்புக் கிண்ணத்தை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். தாளில் எண்ணெய் பரவியது.

எழுதியவள் மேடையில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள்.

அனுலிகாவைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் குறைவு. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் சரித்திரம் எழுதுகிறவள். சந்தைப் பெண்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து நின்றதைப் பற்றிய அவள் புத்தகம் பேருந்து நிலையங்களில் வேர்க்கடலையோடு விற்றது. அப்படி ஒன்றை எழுதுவதற்கான காசுக்காக இப்படி ஒன்றையும் எழுத வேண்டியிருந்தது, ஏதாவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை. அதில் ஒரு வசதி. பெரிய மனிதர்கள் படிப்பதில்லை. பட்டங்கள் வரிசை தப்பாமல் இருக்கின்றனவா, படத்தில் தொப்பை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

இந்தப் புத்தகத்தின் நாயகர், சீஃப் என்ற தலைவர் பட்டமுள்ள உடெம்பாவும் அதைத்தான் பார்த்தார் என்று நினைத்தாள். அந்தத் தைரியத்தில்தான் ஏழாம் அத்தியாயத்தை எழுதினாள்.

பயாஃப்ரா உள்நாட்டுப் போரின் கடைசி வருடம். உமுஒடாரா ஊரின் பட்டினிக் குழந்தைகளுக்கென்று விமானத்தில் வந்த கருவாடும் பால் பவுடரும் ஒரு கிடங்கில் இருந்தன. சாவி வாலிபன் உடெம்பாவிடம். சரக்கு இரவில் வெளியே போனது. வரிசையில் நின்ற குழந்தைகள் வயிறு வீங்கிச் செத்தார்கள். ஊரில் வயதானவர்களுக்கு இது தெரியும். யாரும் சொன்னதில்லை. அனுலிகாவிடம் முகத்துக்கு நேரே சொன்னவள் ஒயிரிதியா ஒருத்திதான். ஒசிடா, உசோமா என்று இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள்.

அவள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எண்பது வயது. துவைத்து மடித்த நீலத் துணி. அனுலிகாதான் காரில் கூட்டி வந்தாள். வழியில் கிழவி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எல்லார் முன்னாலயும் அவன் தலை குனிவானா?"

"குனிவான், அம்மா."

முதலில் வழக்கப்படி கோலாக் கொட்டை உடைத்துப் பகிர்ந்தார்கள். மூதாதையரைக் கூப்பிட்டார்கள். பிறகு புத்தகத்தை மதிப்பிட வந்த பேராசிரியர் எழுந்தார். இரும்பு மனிதர், ஆலமரம், சிங்கம் என்று அடுக்கினார். அவர் கையிலிருந்த பிரதியும் நாடா கட்டியபடியே இருந்தது. கைதட்டலோடு வந்து அனுலிகாவின் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைத் துடைத்தார்.

"எப்படி இருந்துச்சு மேடம்?"

"ஏழாம் அத்தியாயத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலயே?"

"எல்லாத்தையும் சொன்னா ஜனங்க என்னத்தைப் படிக்கிறது?"

"நீங்க படிச்சீங்களா?"

"என்னம்மா நீங்க! நேத்துத்தான் கைக்கு வந்துச்சு. எனக்கு வீடு, வாசல் இல்லயா?" கோழிக்காலை எடுத்துக் கடித்தார். எலும்பை மேசை விரிப்பின் மேலேயே துப்பினார்.

இவர்கள் யாரும் படிக்கப் போவதில்லை. வீட்டுக்குப் போனதும் சோற்றை எடுத்துக்கொண்டு புத்தகத்தை அலமாரியின் மேல் எறிவார்கள். அங்கே அது பல்லி எச்சத்தில் கிடக்கும்.

தொகுப்பாளன் சன்னி ஒலிபெருக்கியைப் பிடித்து ஊர் வழக்கப்படி கூட்டத்துக்கு வணக்கம் கூவினான்.

"உமுஒடாரா, க்வேனு!"

"யா!" என்றது கூட்டம்.

"நம்ம சீஃபைக் காகிதத்துல ஏத்தின மகராசி இப்ப பேசப் போறாங்க! சாப்பிடறவங்க மெதுவாச் சாப்பிடுங்க. மெல்லுற சத்தம் இங்க கேக்குது!"

அனுலிகா எழுந்தாள். நன்றி சொல்லவில்லை. நாடாவைப் பிய்த்து, தாளைக் கிழித்து, பக்கத்தைப் புரட்டி வாசித்தாள்.

"போரின் கடைசி வருடம் நிவாரணக் கிடங்கின் சாவி உடெம்பாவிடம் இருந்தது. குழந்தைகளுக்கு வந்த கருவாடும் பால் பவுடரும் உப்பும் இரவில் இரு படைகளுக்கும் இடையிலான படைக்கோட்டைத் தாண்டி எதிரிப் பக்கத்துச் சந்தைக்குப் போயின. உடெம்பாவின் முதல் மூலதனம் அது. வரிசையில் நின்றவர்கள் வெறும் தட்டோடு திரும்பினார்கள். அந்த மாதம் செத்தவர்களில் ஒயிரிதியாவின் பிள்ளைகள் இருவர். ஒசிடா. உசோமா."

கரண்டிச் சத்தம் நின்றது. மேடை நடுவில் உட்கார்ந்திருந்த உடெம்பா அசையவில்லை. அவருடைய மகன், கறுப்புக் கண்ணாடிக்காரன், நாற்காலியில் முன்னால் சரிந்தான். அனுலிகா சன்னியைப் பார்த்தாள். அவன் வாய் திறந்தபடி நின்றான். அவன் பிழைப்பே வாயில்தான் இருந்தது. அதை அவன் ரொம்ப நேரம் சும்மா வைத்திருக்க முடியாது.

"கேட்டீங்களா?" என்றான். "படைக்கோட்டைத் தாண்டி! குண்டு விழுது, ஆமிக்காரன் சுடறான், நம்ம சீஃப் எதிரிப் பக்கம் போயி யாவாரம் பண்ணிருக்காருப்பா! எதிரி காசையே புடுங்கிட்டு வந்திருக்காரு!"

அந்த மண்ணில் போரின்போது படைக்கோட்டைத் தாண்டி உப்பு வாங்கி வந்தவள் ஒருத்தி இல்லாத வீடு கிடையாது. அது வீரம். அதற்குப் பாட்டு உண்டு. கூட்டத்தின் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

"எங்க ஆயா போனா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்க அத்தையும் போனா!"

"உடெம்பா! சிங்கம்!"

பிறகு மேளம். பெண்கள் இடுப்பை ஆட்டிக்கொண்டு எழுந்தார்கள். உடெம்பா கைத்தடியை உயர்த்தி இறங்கி வந்து ஆடினார். பாராட்டாக அவருடைய வேர்த்த நெற்றியில் பண நோட்டுகளை ஒட்டினார்கள். ஒட்டாமல் விழுந்தவற்றைச் செருப்புக் கால்கள் மிதித்தன. சூப்புக்காரர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, எண்ணெய்க் கையாலேயே ஒரு நோட்டை எடுத்து உடெம்பாவின் கன்னத்தில் அப்பினார்.

படைக்கோடு. அந்த வார்த்தையை எழுதியவள் அவள்தான். 'திருடி விற்றான்' என்று எழுதியிருக்கலாம். தன் நடை நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

"அவர் தாண்டல!" என்று ஒலிபெருக்கியில் கத்தினாள். "அவர் எங்கயும் போகல! பிள்ளைங்க சோறு அது!"

சன்னி ஒலிபெருக்கியை அவள் கையிலிருந்து பதமாக வாங்கினான். "மேடம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. சரித்திரம்னா அப்படித்தான்!"

உடெம்பா மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேர்வையும் வாசனைத் தைலமும் சேர்ந்து அடித்தது.

"நல்லாப் படிச்சே மகளே."

அவள் திரும்பவில்லை.

"என் பையன் அச்சுக்குப் போறதுக்கு முன்னாலேயே எனக்கு வாசிச்சுக் காட்டினான். 'எடுத்துரலாம்ப்பா, கேஸ் போடலாம்'னான். நான்தான் இருக்கட்டும்னேன். சர்க்கரையா மட்டும் இருந்தா, காசு குடுத்து எழுத வெச்சான்னு சொல்லுவாங்க. கொஞ்சம் உப்பு வேணும். இப்ப பாரு, எல்லாரும் கேட்டாச்சு. எல்லாரும் கைதட்டியாச்சு." டம்ளரை எடுத்துக் குடித்தார். "எனக்கும் நெஞ்சுல ஒரு பாரம் இருந்துச்சு. இறக்கிட்டே. நல்லா இரு."

பிறகு அவர் கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். "சன்னி! அந்தப் பொம்பள வந்திருக்கு பாரு. ஒயிரிதியா. மேல கூட்டிட்டு வா."

"வேண்டாம்" என்றாள் அனுலிகா. மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டு பெண்கள் கிழவியைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். உடெம்பா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டார். கேமராக்காரன் படியில் முட்டிபோட்டான். கிழவியின் கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. அவர் தோளுக்கு மேலே அவள் முகம் மட்டும் தெரிந்தது.

"அழாதே, ஒயிரி" என்றார் உடெம்பா, ஒலிபெருக்கியில். அவள் அழவில்லை. "அது கெட்ட காலம். எல்லாரும் இழந்தோம். உன் பிள்ளைங்க என் பிள்ளைங்க."

கூட்டம் "ஆமாம், ஆமாம்" என்றது. முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வந்தவர்களுக்குக் கொடுக்க பிளாஸ்டிக் வாளிகள் வைத்திருந்தார்கள். வாளியில் உடெம்பாவின் முகம் அச்சிட்டிருந்தது. ஒன்றில் அரிசியும், மேலே வாலோடு ஒரு முழுக் கருவாடும் வைத்துக் கிழவியின் கையில் கொடுத்தார். கேமரா பளிச்சிட்டது.

"எழுத்தாளரும் நில்லுங்க மேடம்! அந்தப் பக்கம்! இன்னும் கொஞ்சம் ஒட்டி!"

யாரோ தள்ளிவிட்டார்கள். அனுலிகா கிழவியின் பக்கத்தில் நின்றாள். இன்னொரு தரம் பளிச்சிட்டது.

"வாங்க அம்மா, வீட்டுக்குப் போகலாம்."

"அம்பது வருஷம்" என்றாள் ஒயிரிதியா. மெதுவாகத்தான் சொன்னாள். "என்னைக் கண்டா தெரு மாறிப் போவான். கோயில்ல நான் வலப்பக்கம் உக்காந்தா அவன் இடப்பக்கம். அவன் பொண்டாட்டி செத்தப்ப நான் போயி நின்னேன், உள்ள ஓடிட்டான். ஒரு நாளும் என் கண்ணைப் பாத்ததில்ல. அந்த ஒண்ணு எனக்கு இருந்துச்சு."

அனுலிகா பையில் கார் சாவியைத் தேடினாள்.

"இன்னைக்குப் பாத்துட்டான். சிரிச்சான்."

"அம்மா, நான் நெனச்சது வேற..."

"நீ படிச்சவ. என்னமோ நெனச்சிருப்பே."

கிழவி வாளியை அனுலிகாவின் கையில் மாட்டினாள். "இது உனக்கு. நீதான் சம்பாதிச்சே." யார் கையையும் பிடிக்காமல் படியில் இறங்கினாள். ஆடுகிறவர்கள் அவளை இடித்தார்கள். ஒருவரும் வழிவிடவில்லை. அவளும் கேட்கவில்லை.

அனுலிகா வாளியோடு நின்றாள். கிழவியின் பின்னால் ஓடியிருக்க வேண்டும். அதற்குள் சூப்புக்காரர் மேடையேறி எதிரே வந்து நின்றுவிட்டார். சிவப்புத் தொப்பியைச் சரிசெய்தார். பல்லிடுக்கில் கீரை இருந்தது.

"மேடம், நான் அடுத்த ஊரு. எனக்கும் எழுபது ஆவுது. பசங்க புத்தகம் போடணும்னு சொல்றாங்க."

"நான் இனிமே எழுதறதில்ல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க." குரலைத் தாழ்த்தினார். "எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. போர்ல இல்ல, அதுக்கப்புறம். ஒரு நிலத் தகராறு. ஒரு ஆளு காணாமப் போனான். யாருக்கும் தெரியாது. அதை இதே மாதிரி, அழகா, ஒரு அத்தியாயமா வெச்சிரலாமா?"

கையைச் சட்டையில் துடைத்து, முகவரி அட்டையை எடுத்து வாளிக்குள், கருவாட்டின் மேல், போட்டார்.